நல்லாருக்கறேனுங்க, டாக்டரம்மா

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா...” என்று ஆரம்பித்த அப்துல் குத்தூஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஃபெயில்!” என்றாள் மகள் உஸ்மா. அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அவள் பட்டாளத்து டாக்டராக நடித்துக்கொண்டிருந்தாள். “நல்லாருக்கறேன்னு சொல்லக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது அத்தா? தலை சுத்துது, நிக்க முடியலே, வேலைக்குப் போக முடியலே. இதைத்தான் சொல்லோணும்.”

“சரி கண்ணு. மறுக்காக் கேளு.”

“எப்படி இருக்கீங்க?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா...”

உஸ்மா மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா தாஜுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

சிரிக்கிற சமாசாரமா இது? மலைமேல் இருக்கும் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்ததைப் போன வார அத்தியாயத்தில் பார்த்தோம். அன்றிலிருந்து கோட்டைமேட்டில் அந்தச் சின்ன வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

குத்தூஸ் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் இருந்தவர். இலங்கைக்குப் போன படையோடு போனார். அங்கே ஒரு தென்னந்தோப்பில் வெடித்த வெடி, கைகாலை விட்டுவிட்டு இடது காதை மட்டும் எடுத்துக்கொண்டது. காதோடு உடம்பின் நிதானமும் போயிற்று. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நின்றுகொண்டிருக்கும்போதே தரை சுழலும், மனிதர் விழுந்துவிடுவார். மற்ற நேரத்தில் பார்த்தால் ஆறடி உயரம், அகன்ற மார்பு, ஒழுங்காகக் கத்தரித்த தாடி. இந்த ஆளுக்கு என்ன கேடு என்றுதான் யாரும் கேட்பார்கள்.

ஊனத்துக்கென்று ஒரு பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து, இன்னும் ஊனம் இருக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்படி இருக்கீங்க. இவரும் நல்ல பிள்ளையாக, நல்லாருக்கறேனுங்க என்றார். ஊனம் குறைந்துவிட்டது என்று எழுதி, அந்தப் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? கோயமுத்தூர்க்காரனை எப்படி இருக்கே என்று கேட்டுப் பாருங்கள். வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும், நல்லாருக்கறேனுங்க, நீங்க நல்லாருக்கறீங்களா என்றுதான் சொல்லுவான். போதாததற்கு, அல்லா வைத்திருக்கும் நிலைக்கு, எல்லாப் புகழும் அவனுக்கே, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லாமல் மனுஷனிடம் முறையிடுவது நன்றிகெட்டத்தனம் என்று குத்தூஸை அவர் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். இரண்டும் சேர்ந்த ஆளிடமிருந்து உண்மையைக் கறப்பது என்றால் லேசா?

அப்பீல் செய்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்தது இந்தச் சோதனை. இதிலும் இல்லை என்றுவிட்டால் அப்புறம் போய்க் கேட்க இடமில்லை. தாஜுன்னிசாவின் தையலில் சோறு வரும், படிப்பு வராது. ப்ளஸ் ஒன் படிக்கும் உஸ்மாவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பச்சொல்லி அவள் மாமா வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். இந்த மெடிக்கல் போர்டு முடியட்டும் என்று தாஜுன்னிசா அவர் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சென்னகிருஷ்ணன் இறங்கினார்.

பீளமேட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற நாயுடு குடும்பம். குத்தூஸும் அவரும் ஒரே பிரிவு; அந்தத் தென்னந்தோப்பிலும் அன்று ஒன்றாகத்தான் இருந்தார்கள். சென்னகிருஷ்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பென்ஷன் நின்றதிலிருந்து அப்பீல் எழுதியது, ஆளைப் பார்த்தது எல்லாம் அவர்தான். கூடப்பிறந்த அண்ணன் பனியன் கம்பெனி பேச, கூடப்பிறக்காத அண்ணன் ஆட்டோவோடு நிற்கிறாரே என்று தாஜுன்னிசா அவ்வப்போது நினைத்துக்கொள்வாள்.

“ஏப்பா குத்தூஸு, கெளம்பிட்டயா?” என்று உள்ளே வந்தவர், குத்தூஸ் சட்டை மாற்றப் போனதும் அடுப்படிப் பக்கம் வந்தார்.

“தங்கச்சி, மாத்திரை குடுத்துப்போட்டயா?”

“இல்லீங்கண்ணா. ரெண்டு இட்லி தின்னதும் குடுக்கோணும்.”

“இன்னிக்குக் குடுக்காத அம்மணி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“டாக்டர் முன்னாடி தலை சுத்தட்டும். இவன் வாயைத் தொறந்து சொல்லவா போறான்? டாக்டரே கண்ணால பாத்துக்கட்டும். ஒரு நாளைக்குத்தானே.”

அவர் போன பிறகும் மாத்திரைப் பட்டை அவள் கையிலேயே இருந்தது. அவருடைய வியாதியைத்தானே காட்டப்போகிறோம், இதில் பொய் எங்கே வந்தது என்று மனசு சமாதானம் சொன்னது. அப்படியானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் என்ன என்று அதே மனசு கேட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டையைப் பையின் அடியில் போட்டுவிட்டாள்.

காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டு சென்னகிருஷ்ணன் கையசைத்தார். துடியலூர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. குத்தூஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பாளையம் போனது. மலை வந்தது. பஸ் முதல் வளைவில் திரும்பியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வளைவில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தாஜுன்னிசா தோளைத் தொட்டுத் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். வேண்டாம் என்று தலையசைக்கப் பார்த்தவர், அந்தச் சின்ன அசைவுக்கே பல்லைக் கடித்துக்கொண்டார்.

பர்லியாரில் பஸ் நின்றது. எல்லோரும் டீக்கு இறங்கினார்கள். இவரும் இறங்கினார், இரண்டெட்டு வைப்பதற்குள் கால் பின்னியது. ரோட்டோரம் உட்கார்ந்து, காலையில் தின்ற இட்லியையெல்லாம் வாந்தி எடுத்தார். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் பதித்துக்கொண்டு, பூமி நழுவிவிடாமல் பிடித்து வைத்திருப்பவர் மாதிரி குனிந்திருந்தார்.

“காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துர்றானுக” என்றார் பழக்கடையில் நின்ற ஒருவர்.

தாஜுன்னிசாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ! “பட்டாளத்துக்காரருங்க அவரு. அஞ்சு வேளை தொழுவறவரு. தெரியாம ஒரு வார்த்தை சொல்லாதீங்க.”

அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு பலாச்சுளையைப் பார்த்தார். அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மாத்திரைப் பட்டை கிடைத்தது. டாக்டராவது, போர்டாவது. அவர் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

கொஞ்சம் தெளிந்ததும் குத்தூஸ் பட்டையைப் பார்த்தார். “பையிலதான் இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“காலைல மறந்துபோட்டயாக்கும்.”

பேசாமல் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. “மறக்கலீங்க. வேணும்னுதான் குடுக்கலே. டாக்டர் பாக்கட்டும்னு...” அழுகைதான் வந்தது.

அவர் மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். நடுரோட்டில், நாலு பேர் பார்க்க. கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்திரை வேண்டான்னிருப்பேனே தாஜு. சரி, உடு. நீ ஏதாச்சும் தின்னயா?”

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய! அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே, நான் தின்னாட்டி இப்ப என்னங்க என்று கோபித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. மலைக்காற்று வேறு. குத்தூஸின் முகத்தில் ரத்தம் ஓடியது. பழைய பழக்கத்தில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்து, தாடியை நீவி, நெஞ்சை நிமிர்த்தி அவர் வராந்தாவில் நடந்ததைப் பார்த்து, காவலுக்கு நின்ற சிப்பாய் விறைப்பாக சல்யூட் வைத்தான். புருஷன் நன்றாக இருப்பதைப் பார்த்து ஒரு பெண்டாட்டி பயப்படுவாளா? தாஜுன்னிசா பயந்தாள்.

போர்டு என்பது மூன்று பெரிய ஆபீசர்கள். ஆனால் அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் டாக்டர் எழுதுவதை வைத்துத்தான் அவர்கள் முடிவு சொல்வார்கள். அந்த டாக்டர் ஒரு பெண். மேஜர் ராமாமணி என்று கதவில் போட்டிருந்தது. சிப்பாய் குத்தூஸை மட்டும் உள்ளே விட்டான். தாஜுன்னிசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“உக்காருங்க. எப்படி இருக்கீங்க?” தமிழில்தான் கேட்டார் டாக்டர்.

யா அல்லா, என்று தாஜுன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கறேனுங்க, டாக்டரம்மா. நீங்க நல்லாருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?”

“ம். சௌக்கியம். தலைசுத்தல் எப்படி?”

“பரவாலீங்க.”

“வேற தொந்தரவு?”

“பெருசா ஒண்ணுமில்லீங்க.”

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு வாரம் உஸ்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. தாஜுன்னிசா எழுந்தாள். சிப்பாய், அம்மா, அம்மா என்று தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

“டாக்டரம்மா, மன்னிச்சுக்கோங்க. அவரை எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்க.”

பேனா நின்றது. “நீங்க?”

“சம்சாரமுங்க. அவரு பொய் சொல்லலீங்க. நீங்க மரியாதையாக் கேட்டீங்க, அவரும் மரியாதைக்குச் சொல்றாரு. போன தடவையும் இப்படித்தான் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டு வந்தாருங்க. எங்க பக்கத்துல அந்தக் கேள்விக்கு வேற பதிலே கெடையாதுங்க.”

குத்தூஸ் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியே போங்க என்று சொல்லப்போகிறார் என்று தாஜுன்னிசா நினைத்தாள்.

“எந்த ஊருங்க நீங்க?”

“கோயமுத்தூருங்க. கோட்டைமேடு.”

“நான் ஆனைமலை.” டாக்டரின் பேச்சு சட்டென்று ஊர்ப் பேச்சாக மாறிவிட்டது. “எங்கப்பா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில கெடந்தாருங்க. பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம் நல்லாருக்கறேன், நீங்க காப்பி குடிச்சீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.” எழுதியதை அடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குத்தூஸுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

“ஊட்ல தண்ணி யாருங்க புடிக்கறது?”

“பொண்ணுங்க. கொடத்தைத் தூக்கிக்கிட்டுத் திரும்புனா எனக்குச் சுத்திப்போடுதுங்க.”

“பட்டாளத்துலருந்து வந்து எங்கயும் வேலைக்குப் போகலீங்களா?”

“மில்லு கேட்டுல வாட்ச்மேனாப் போனனுங்க. மொத வாரமே மொதலாளி கார் வர்றப்போ விழுந்துபோட்டேன். குடிச்சுப்போட்டு வந்திருக்கான்னு வெரட்டிப்போட்டாங்க.”

தாஜுன்னிசா நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். அந்த வேலை நமக்கு ஒத்துவரலே என்றுதான் அவர் வீட்டில் சொன்னார். கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தீங்களே என்று இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர், அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வந்து அவள் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

“குனிஞ்சு நிமுந்தா எப்படிங்க?”

குத்தூஸ் மனைவியை ஒரு தரம் பார்த்தார்.

“தொழுகையில நெத்திய நெலத்துல வெப்பமுங்க, ஸஜ்தான்னு. அப்பத்தான் ஜாஸ்தி. ஒரு வெள்ளிக்கெழம பள்ளிவாசல்ல அப்படியே சாஞ்சு பக்கத்துல இருந்த பெரியவர் மேல விழுந்துபோட்டனுங்க. பாவம், அவருக்குக் கை பெசகிப்போச்சு. நாற்காலில உக்காந்து தொழுவலாம், தப்பில்ல. இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு, கெழவனாருங்களோட நாற்காலில உக்கார கூச்சமாப் போச்சுங்க. இப்ப ஊட்லதான் தொழுவறேன்.”

“வெள்ளிக்கிழமை தவறாமப் போறீங்களே!” என்றாள் தாஜுன்னிசா, இடம் பொருள் மறந்து. வெள்ளைச் சட்டையை அவள்தானே தேய்த்துக் கொடுக்கிறாள்? அத்தர் தடவிக்கொண்டு போவதை அவள்தானே வாசலில் நின்று பார்க்கிறாள்?

“உக்கடம் கொளத்துக் கரையில உக்காந்திருப்பேன் தாஜு. ஜனங்க திரும்பி வாரப்போ கூடவே வந்துருவேன்.”

வெயிலில், வெள்ளைச் சட்டையோடு, குளத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டு, இந்த மனிதரை நான் ஒரு கேள்விகூடச் சரியாகக் கேட்டதில்லையே என்று அவள் உள்ளுக்குள் புழுங்கினாள்.

டாக்டர் எதுவும் பேசாமல் எழுந்தார். குத்தூஸின் பின்பக்கம் போய், நன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்ட வலது காதுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் கேட்டார்.

“உங்க பொண்ணு பேரு என்னங்க?”

குத்தூஸ் எதிர்ச்சுவரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

“பொண்ணு பேரு என்னங்க?”

அவர் அசையவில்லை. தாஜுன்னிசா வாயைத் திறந்தாள். டாக்டர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு முன்னால் வந்து, முகத்துக்கு நேராக அதையே கேட்டார்.

“உஸ்மாங்க” என்றார் குத்தூஸ் பளிச்சென்று. “நல்லாப் படிப்பாங்க.”

“இந்தக் காதும் போய்க்கிட்டு இருக்குது, இல்லீங்களா? வாயைப் பாத்துத்தான் பதில் சொல்றீங்க.”

குத்தூஸ் தலையாட்டினார். “ஒரு வருசமாங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான். ஒரு காதுக்கே இவ பட்ட பாடு போதும்னு சொல்லலீங்க.”

தாஜுன்னிசா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று நினைத்ததெல்லாம் வீணாகிவிட்டது. டாக்டர் ஜன்னல் பக்கம் போய், மருந்து அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்று, இருவருக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்தார்.

“ரெண்டு வாரம் இங்கயே படுக்கட்டுங்க” என்றார் திரும்பி. “காது, தலைசுத்தல் எல்லாத்தையும் முறையாச் சோதிச்சு எழுதறேன். போர்டு என்ன சொல்லும்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. தலைசுத்தலையும் இடது காதையும் பத்தி எனக்குச் சந்தேகமில்லீங்க. ஆனா வலது காது பழைய ஃபைல்லயே இல்லே. அன்னிக்கு வெடிச்ச வெடியாலதான் இதுவும்னு காட்டினாத்தான் கேஸ் கெட்டியா நிக்கும். அப்பப் பக்கத்துல இருந்தவங்க யாராச்சும், எவ்வளவு கிட்ட வெடிச்சுது, எப்படி வெடிச்சுதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?”

தாஜுன்னிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இருக்காருங்களே! சென்னகிருஷ்ணன் அண்ணன்! கூடவே இருந்தவருங்க. நாளைக்கே கூட்டிக்கிட்டு வாரேன்.”

“அவரைக் கேக்கவேண்டாம் தாஜு” என்றார் குத்தூஸ்.

மரியாதையோ கூச்சமோ இல்லாத குரல் அது. அவள் இதுவரை கேட்டறியாத குரல். டாக்டர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க? நமக்காக இத்தனை ஓடியாடறவரு...”

அதற்குள் சிப்பாய் வந்து, வார்டுக்குப் போகலாம் என்று கைகாட்டினான். குத்தூஸ் டாக்டருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, அவன் பின்னால் நடந்தார். நீளமான வராந்தா. தாஜுன்னிசா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் பாதி தூரம் போயிருந்தார்.

“ஏனுங்க!”

அவர் திரும்பவில்லை.

“ஏனுங்க, நில்லுங்க!”

சிப்பாய்தான் திரும்பிப் பார்த்தான். அவர் போய்க்கொண்டே இருந்தார். அவளுக்கு இப்போது கோபம் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவரைத் தாண்டி, முன்னால் போய், வழியை மறித்து நின்றாள். மூச்சு வாங்கியது. முக்காடு நழுவியிருந்தது. அவர் பார்வை தன் முகத்தில் படும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள்.

“சென்னகிருஷ்ணன் அண்ணனை ஏன் வேண்டாங்கறீங்க? அந்தத் தோப்புல என்ன நடந்துச்சு?”

குத்தூஸ் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தைவரைக்கும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

(தொடரும்)